இரண்டாவது பயற்றுப் பை

அக்கா, உன் பச்சைப் பயற்றுப் பையில் வண்டு விழுந்துவிட்டது. பாக்கார் ஆராங்கில் என் வீட்டு அலமாரியைத் திறந்தால் மக்கிய தானிய வாடை. எந்தப் புடவையை உதறினாலும் மாவு மாதிரித் தூசு. கடைசியில் உன் அரக்குப் புடவை மடிப்பிலிருந்து உள்ளங்கை அளவுப் பை ஒன்று விழுந்தது.

இடது மார்பை எடுத்த பிறகு நீயே தைத்தது. மருத்துவமனையில் காட்டிய சிலிக்கான் மார்பைத் தொட்டுப் பார்த்து, "ஐஸ்பெட்டியில வெச்ச கோழி மாதிரி இருக்கு" என்று தள்ளிவிட்டாய். பழைய உள்பாவாடைத் துணியில் பயறு நிரப்பி, ஒரு பிடி குறைத்து, அரைப் பிடி கூட்டி, இரண்டு பக்கமும் சரியாக நிற்கும்வரை பிரித்துப் பிரித்துத் தைத்தாய். அதோடுதான் திகாம் பத்துவில் தொழிற்சாலை பஸ் ஏறினாய். ஒரு கல்யாணப் பந்தியில் என் காதருகே குனிந்து, "ரொம்ப வேர்க்குதுடி, இன்னும் கொஞ்ச நேரத்துல முளைச்சிரும் போல" என்றாய். எனக்குச் சாம்பார் மூக்கில் ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் முறைத்தார்கள்.

இப்போது என் முறை. உனக்கிருந்த அதே மரபணுக் கோளாறு எனக்கும் இருப்பதாக இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. புற்றுநோய் இல்லை, வரும் வாய்ப்புதான் அதிகம். மலாய் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இரண்டு மார்பையும் முன்கூட்டியே எடுத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும், முழுதும் போகாது. இல்லையென்றால் ஐந்து வருடம் தினம் ஒரு மாத்திரை, வருடா வருடம் ஸ்கேன். ஆபத்து ஓரளவு குறையும், வந்தாலும் சீக்கிரம் தெரியும். எது சரி என்று கேட்டேன். உங்களால் எதைக் கடைசிவரை செய்ய முடியுமோ அதைப் பாருங்கள் என்றார்.

"மாத்திரையே போதும்லா. நல்லா இருக்கிற உடம்ப எதுக்கு வெட்டணும்?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குப் பயம். எனக்கும்தான். கண்ணாடி முன் நின்று அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

அப்போதுதான் உன் மாத்திரை நினைவுக்கு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் போட வேண்டியது. தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தாய். மாத்திரையில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பார்கள், அது கவிச்சி என்று கோயிலில் யாரோ சொல்ல, அட்டையை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாய். "அவன்கிட்டதான கேக்குறேன், அவன் பாத்துக்குவான்." விரதம் முடிந்தும் அட்டை அங்கேயே இருந்தது. மாத்திரை நின்றதும் உடம்புக் காந்தலும் நின்றுவிட்டது, தொழிற்சாலை உடுப்புக்குள் வேகாமல் வேலை பார்க்க முடிந்தது. உன் வீட்டில் விளக்குத் துடைக்கும்போது அதைப் பார்த்தேன். சாமி காரியமாச்சே என்று பேசாமல் இருந்துவிட்டேன். நோய் திரும்பியது அதனால்தானா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டது மூடிக்கொண்டதுதான். அது இன்னும் உறுத்துகிறது.

நீ கண்ணை மூடுவதற்கு முந்தின மாதம் சொன்னாய்: "என் மூஞ்சியப் பாத்துப் பயந்து எதையும் செய்யாத. உன் புத்தி உனக்குத் தெரியும்ல, அதப் பாத்துச் செய்."

தெரியும். பிரஷர் மாத்திரையையே வாரத்தில் நான்கு நாள்தான் போடுகிறேன். நாளைக்கு யாராவது கவிச்சி என்றால் நானும் முருகனுக்குப் பின்னால்தான் வைப்பேன். தவறாமல் போடத் தெரிந்தவர்களுக்கு மாத்திரை நல்ல வழிதான், அக்கா. நாம் அந்த ஜாதி இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். வீட்டுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தவர், ஒரு பையை மேசையில் வைத்தார். பச்சைப் பயறு. "எவ்வளவு வேணும்னு தெரியல, அதான் ஒரு கிலோ" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேண்டாத நேரத்தில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

உன் பையைத் துவைத்துக் காயவைத்துப் புதுப் பயறு நிரப்பினேன். இன்னொன்றை நானே தைத்தேன். தையல் கோணல்தான், நீ பார்த்தால் பிரிக்கச் சொல்வாய். காயம் ஆறியதும் இடது பக்கம் உன்னுடையது.

முளைத்தால் சொல்கிறேன்.