அத்தையின் மாத்திரை

செவ்வாய், இரவு.

அக்காவுக்கு ஆறாம் மாதம். அவளுடைய பிரஷர் மாத்திரை காலையோடு தீர்ந்துவிட்டது. மாமா ஓவர்டைம் முடித்து வந்ததால் ஒரகடம் போய் வாங்க மறுத்துவிட்டார். அவருடைய அம்மா, அத்தை, தன் அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து அக்காவிடம் நீட்டினார்.

“இதுவும் பிரஷருக்குத்தான். என்னுத போட்டுக்கினா இன்னா ஆயிடும்?”

அக்கா முன்பு போட்டதும் அதே மாத்திரைதான். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் அதை நிறுத்தி வேறு கொடுத்தார். அன்று நானும் கூடத்தான் இருந்தேன்.

“வேணாங்க்கா, டாக்டரு இதத்தான் நிறுத்தச் சொன்னாங்க” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“ஒம்பதாங் கிளாசோட நின்னது டாக்டராயிட்சி பாரு” என்றார் அத்தை. மாமா சிரித்தார். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விழுங்கினாள். அவள் சிரித்ததுதான் எனக்கு ஆறவில்லை.

ஒரு மாத்திரைக்கே பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா, தெரியவில்லை. காலையிலும் அதையேதான் கொடுப்பார்கள். அதற்குள் நானே மருந்துக்கடைக்குப் போய்விட வேண்டும். அக்காவின் காலி அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். கடையில் பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். “அண்ணா, மாசமா கீறவங்களுக்கு...” அதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது.