ரஜூலாவின் கீழ்த்தட்டு

ராயபுரம், திருப்பூர்
7-6-2024

தங்கம் சசிகுமாருக்கு, கன்னையன் மாமா எழுதிக்கொண்டது.

நானும் உன் அத்தை மயிலாளும் சுகம். நீ கப்பலில், கடல் தண்ணிமேலேயே கிடந்தாலும் தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. மங்கலத்துத் தறிச் சத்தம் தின்ற காது இது, போனில் நீ பேசினால் கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது. கடிதாசியே போடு.

டைட்டானிக், குயின் மேரி இரண்டும் அட்டையில் செய்து முடித்தாயிற்று. இப்போது ரஜூலா கட்டுகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஜனங்களை ஏற்றிப்போன கப்பல். எங்க அப்பாரு அதில் போய்க் கேப்டனோடு சீட்டாடி ஜெயித்தவர். பனியன் கம்பெனியில் கழித்த அட்டைப்பெட்டிதான் உடம்பு. டேக் மாட்டும் பிளாஸ்டிக் ஊசிதான் கைப்பிடிக் கம்பி. சரக்குப் பார்க்க வந்த ஜெர்மன்காரன் இதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

அளவு குறைப்பது கட்டிங் மாஸ்டருக்குக் கஷ்டமா? பெரியவர் பனியனைக் குழந்தை சைஸுக்கு இறக்கும்போது நீளத்தைக் குறைப்போம், கழுத்தை அவ்வளவாகக் குறைக்க மாட்டோம். குழந்தைக்குத் தலை பெரிசல்லவா? அதே கணக்கில் புகைபோக்கியையும் வெட்டினேன். போட்டோ வைத்திருக்கிறேன், பார்.

ஒரு நல்ல சேதி. மூலனூரில் உனக்கு ஒரு பெண் இருக்கிறது, பெயர் அன்புசெல்வி. நீ கப்பலில் இஞ்சினியர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டதும், முருங்கை போட்டிருக்கும் அவள் அப்பாவுக்குக் காய் விலை ஏறினாற்போல முகம் மலர்ந்துவிட்டது. நீ இஞ்சினியர் என்று நம் தெருவுக்கே தெரியும்.

உன் மாமா
கே. கன்னையன்


பார்சிலோனா துறைமுகம்
5-7-2024

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் வந்துதுங்க. போட்டோவில் புகைபோக்கி தண்ணித்தொட்டி மாதிரி உட்கார்ந்திருக்கு. குழந்தைக்குத்தான் தலை பெருசுங்க மாமா, கப்பலுக்கு இல்லைங்க. உங்க அப்பாரு ஈரோட்டையே தாண்டினதில்லை என்று அத்தை சொல்லும்.

நான் இஞ்சினியர் இல்லைங்க. உங்களுக்கே தெரியும். கடல் மட்டத்துக்குக் கீழே, கடைசித் தட்டில், பயணிகளோட படுக்கை விரிப்புத் துவைத்துத் தேய்க்கிறேன். தேய்க்கத் தேய்க்க வண்டி வண்டியாக வந்துகொண்டே இருக்கிறது. சன்னல் கிடையாது. வெளியே பகலா இருட்டா என்று சாப்பாட்டை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அலுத்துப்போச்சுங்க. தீபாவளியோடு ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்கு வந்து ஏதாவது கம்பெனியில் அயர்ன் டேபிளில் நிற்கலாம் என்றிருக்கிறேன். அம்மா போன பிறகு எனக்கு உங்க ஊடுதானுங்களே ஊடு.

ஆனால் கப்பல் இஞ்சினியர் எப்படிங்க அயர்ன் டேபிளில் நிற்பான்? மூலனூர்க்காரங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. நீங்க சொல்லாவிட்டால் நான் ஊருக்கு வரமுடியாது. மறுபடி ஒன்பது மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

அன்புடன்
சசிகுமார்


ராயபுரம்
2-8-2024

தங்கமே,

துவைக்கிற மெஷினுக்குள்ளும் இஞ்சின் ஓடுகிறதல்லவா? அதை ஓட்டுகிறவன் இஞ்சினியர் இல்லாமல் வேறு யார்? சும்மா மனசை விடாதே.

இப்போது போய் மாற்றிச் சொன்னால் என் பேச்சுக்கு என்ன மரியாதை? பேக்கரிக்குள் கால் வைத்தாலே கல்லாவில் இருக்கிற ஆரோக்கியராஜ், "கேப்டன் மாமாவுக்கு ஒரு டீ போடுப்பா" என்கிறான். ஒன்பது மாதம் என்ன பெரிசு? ஒரு பிள்ளை பெறுகிற நேரம். கையெழுத்துப் போட்டுவிடு. கல்யாணத்துக்கு லீவில் வா. மற்றதை அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

உன் கடிதாசியைப் படித்ததிலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை. காது கேட்காதவனுக்கு இது என்ன தண்டனையோ! புகைபோக்கியை மாற்ற மாட்டேன். பார்க்கிறவர்கள் அதைத்தான் புகழ்கிறார்கள்.

மாமா
கே. கன்னையன்


ராயபுரம்
10-9-2024

சசி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கையெழுத்துப் போட்டாயோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை மூலனூர்ப் பெண்ணின் அப்பா தன் தம்பியோடு நம் ஊட்டைப் பார்க்க வந்தார். ரஜூலாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏனுங்க, மாப்பிள்ளை வேலை செய்யற எடம் இதுல எதுங்க?" என்று குனிந்து என் காதோரம் கேட்டார்.

மேல்தட்டைக் காட்டத்தான் கையைத் தூக்கினேன். அங்கே ஒவ்வொரு அறைக்கும் பிளேடால் கதவு கீறி, நீலம் பூசியிருக்கிறேன். அடியில் ஒரு வேலையும் செய்யவில்லை, வெறும் அட்டை. அங்கேதான் நீ நிற்கிறாய் என்று தோன்றியது. விரல் அங்கே போய்விட்டது.

"இங்கீங்க. துணி தேய்க்கிறானுங்க. இஞ்சினியருன்னது நானாச் சொன்னதுங்க. பையன் மேல தப்பில்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க எங்களை வரச் சொன்னீங்க?" என்றார். அத்தை போட்டு வைத்த காப்பியைத் தொடாமல் போய்விட்டார்கள். அந்த இடம் அவ்வளவுதான்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உழைக்கிற பையன்தான் வேண்டும் என்று கண்கலங்கினதாக எழுதலாமென்று நேற்று உட்கார்ந்தேன். வரவில்லை. களைப்பாக இருக்கிறது.

பேக்கரியிலும் சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். இரண்டு நாளாக டீயை ஊட்டிலேயே குடிக்கிறேன்.

கையெழுத்துப் போடவில்லையென்றால் கிளம்பி வா. போட்டிருந்தால், முடித்துவிட்டு வா. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். சேர்ந்து நடந்தே வரலாம். யாராவது நிறுத்தி, என்ன வேலையில் இருந்தாய் என்று கேட்டால் நீயே சொல்லு கண்ணு. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

மாமா