கொப்பரையில் பாகு ஊற்றாத வாரம்

மர்கிலான்,
பிப்ரவரி 11

அன்பு மகள் ஹிலோலாவுக்கு,

நீயும் மாப்பிள்ளை சர்தாரும், உன் வயிற்றில் ஆறு மாதமாகக் குடியிருக்கும் சின்ன விருந்தாளியும் கொரியக் குளிரில் சௌக்கியமாக இருக்க இறைவன் அருளட்டும். இங்கே இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் அம்மா ஆய்தின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறாள், பொய் எழுத விடமாட்டாள். ஆகவே அவள் முழு நலம், நான் முக்கால் நலம் என்று வைத்துக்கொள். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு இதைச் சொல்ல வாய் வராது, அதனால்தான் அங்கே வரும் சர்தாரின் தம்பி கையில் இந்தக் காகிதம்.

போன வாரம் மூன்று நாள் விடாத பனி. உனக்குத் தெரியும், கொப்பரையில் கற்கண்டுப் பாகை ஊற்றி நூலை இறக்கிவிட்டால் மூன்று நாள் அதைத் தொடக்கூடாது, பக்கத்தில் அதிர்ந்து நடக்கக்கூடக் கூடாது, நூலில் கட்டி பிடிக்காமல் போய்விடும். அந்த மூன்று நாளும் கணப்புக் குழிமேல் போட்ட மேசைக்கு அடியில் கால் நீட்டி, பஞ்சுப் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டு, பச்சைத் தேநீரில் கற்கண்டு கரைவதைப் பார்த்துக் கிடப்பதுதான் என் வேலை. இதைச் சோம்பேறித்தனம் என்று உன் அம்மாவும், காத்திருப்பது என்று நானும் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறோம். அன்று மதியம் கண் செருகியது. ஜன்னலில் பனி கீழே இறங்குகிறதா, வீடுதான் மெல்ல மேலே போகிறதா என்று தெரியாத நேரம். கனவில் நீ ஆறு வயதுப் பெண்ணாகக் கொப்பரை அருகே நுனிக்காலில் நின்றுகொண்டு, வளர்ந்துவிட்டதா அப்பா, வளர்ந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். சத்தம் போடாதே, வளர்கிறது என்றேன். அப்போது உன் அம்மா உள்ளே வந்து, “ஏதோ தீயுற வாசனை வருதே”ன்னாள். அடுத்த வீட்டில் ஆட்டுத்தலை வாட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடினேன். தீய்ந்தது என் கம்பளிக் காலுறை. அதற்குள் என் குதிகால்.

வலிக்கவே இல்லை, மகளே. தோல் சுருண்டு கிடக்கிறது, நான் வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கணம் எனக்கு வந்த பயம் இதுவரை வந்ததில்லை. கட்டுப் போட வந்த நர்ஸ் மவ்லூதா என் விரலையும் குத்தினாள். ரத்தத்தில் சர்க்கரை பதினெட்டு என்று காட்டியது, உங்கள் கொரிய அளவில் முந்நூறுக்கு மேலாம், அதில் பாதிகூட இருக்கக் கூடாதாம். காலின் உணர்வைத் தின்றதும் அதுதானாம். “ரெண்டு வருஷம் முன்னாடியே சர்க்கரையை விடச் சொன்னாங்களே மாமா”ன்னாள். “விட்டுட்டேனே, ஒரு சிட்டிகை தொடறதில்லை”ன்னேன். “அப்போ தேநீர்ல மிதக்குறது என்ன?” “அது கற்கண்டும்மா, மருந்து.” அவள் கட்டுத் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “ஊருக்கே காய்ச்சுறவர் நீங்க, எதைக் காய்ச்சுறீங்கன்னு உங்களுக்கே தெரியாதா?”ன்னாள். தெரியும். சர்க்கரை மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதே நான்தான். ஆனால் இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் பயந்த குழந்தைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கற்கண்டு கொடுத்தே வளர்ந்த ஊர் இது. மூன்று நாள் இருட்டில் அசையாமல் கிடந்தால் சர்க்கரை, தான் சர்க்கரை என்பதையே மறந்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன்.

மறுநாள் அவள் நம் தெருவையே தேநீர்க் கடையில் உட்காரவைத்துக் குத்தினாள். முப்பத்தெட்டுப் பேரில் ஆறு பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, அதில் நாலு பேருக்கு அன்றுதான் தெரியும். நாவிதர் துர்சுன், “என் இடுப்பைப் பாரு, எனக்கெல்லாம் எங்கேர்ந்து வரும்”ன்னு சட்டையைத் தூக்கிக் காட்டினார், அவருக்கும் இருந்தது. அவர் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இருந்ததாம். தொப்பையை வசதியின் அடையாளமென்று தடவிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் வருவது பாதி என்றால், நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும், கொழுப்பு மிதக்கும் புலாவும், ரொட்டிமேல் ரொட்டியும், வயதும் மீதியாம். வயது ஒன்றைத்தான் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

இனிதான் நான் எழுத வந்தது. மவ்லூதா உன் அம்மாவிடம், நீ பிறந்தபோது என்ன எடை என்று கேட்டாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, “நாலே முக்கால் கிலோ, தராசே போதலை”ன்னாள். மவ்லூதா சிரிக்கவில்லை. அப்படிப் பெரிய குழந்தை பிறந்தால், சுமந்த காலத்தில் தாய்க்குச் சர்க்கரை ஏறியிருந்திருக்கலாமாம். நமக்கு யார் சொன்னார்கள், தெருவெல்லாம் தூக்கிக் காட்டி மகிழ்ந்தோம். இப்போது அம்மாவின் சர்க்கரை எண்ணும் எல்லையில்தான் நிற்கிறது. அப்பனுக்கு இருக்கிறது, அம்மாவுக்கு இருந்திருக்கலாம், நீயோ பிள்ளை சுமக்கிறாய். தாகம் அடங்கவில்லை, கொரிய வீட்டுத் தரை சூடாக இருப்பதால்தான் என்று போன மாதம் எழுதியிருந்தாய். குமட்டலுக்குக் கற்கண்டு நன்றாகக் கேட்கிறது என்றும் எழுதியிருந்தாய். இலையுதிர் காலத்தில் மூன்று கிலோ கட்டி அனுப்பியவன் நான்தான்.

பயப்படாதே. சாப்பாட்டைத் திருத்தி, தினம் நடந்தாலே பலருக்கு அடங்கிவிடுமாம், சிலருக்கு ஊசி வேண்டியிருக்குமாம், குழந்தை நன்றாகவே பிறக்குமாம். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும், இந்த வாரமே போய்ப் பார். உன் அப்பனுக்குப் பக்கத்தில் நெருப்பு எரிந்தும் தெரியவில்லை என்று டாக்டரிடம் சொல். மிச்சக் கற்கண்டைச் சர்தாரின் தொழிற்சாலை நண்பர்களுக்குக் கொடுத்துவிடாதே, அவர்களும் நம் தெரு ஆட்கள் மாதிரித்தான். என் காலைப் பற்றிக் கவலை வேண்டாம், சொன்னபடி கேட்டால் விரல்கள் என்னோடே இருக்கும் என்கிறாள் மவ்லூதா. தினமும் காலையில் அம்மா கண்ணாடி பிடிக்கிறாள், நான் பாதத்தின் அடியைப் பார்க்கிறேன். கல்யாணச் சடங்கில் இருவரும் ஒரே கண்ணாடியில் முகம் பார்த்த நாளிலிருந்து அவள் எனக்குக் கண்ணாடி பிடித்ததில்லை.

உன் பிள்ளைக்கென்று சின்னக் கொப்பரையில் ஒன்பது நூல் கட்டி வைத்திருந்தேன். பாகு ஊற்றவில்லை. ஜன்னல் திறந்தால் நூல்கள் லேசாக ஆடுகின்றன, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அசையாமல் காத்திருப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெருமை பேசியவன் நான், இந்த ஒன்றுக்கு என்னால் காத்திருக்க முடியவில்லை.

உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும், உன் மடி நிறையட்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசி. பதிலில் உன் எண்ணை மட்டும் எழுது. நலம் என்று எழுதாதே, அதை எழுத எனக்கும் தெரியும்.

உன் அப்பா,
கற்கண்டுக்கார ஹம்தம்