பார்க்காமல் போட்ட ஒரு கையெழுத்து

என் பொன்னு அப்பாவுக்கு,

நாளை காலை உங்கள் ராக்கெட் போகிறது. பேப்பரில் போட்டிருந்த செய்தியை அம்மா கத்தரித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். பத்திரப்படுத்தவா, கண்ணில் படாமல் இருக்கவா என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரமாக எங்கள் மூன்று பேருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை அப்பா.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. கேஸ் குமிழை இப்போது தங்கச்சி லில்லி மூன்று தடவை திருகிப் பார்க்கிறாள். உதியன்குளங்கரை ஜங்ஷன் வரை நடந்த பிறகு, கதவைப் பூட்டினோமா என்று திரும்பி ஓடுகிற வியாதி எனக்கு வந்திருக்கிறது. போன மாதம் அப்படி ஓடி இரண்டு பஸ்ஸை விட்டேன். எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிற இந்தப் பழக்கம் நீங்கள் வைத்துவிட்டுப் போன சொத்துதான், வேறென்ன?

இந்தக் கடிதத்தில் உங்களிடம் ஒரு குற்றம் சொல்ல வேண்டும். நம் வீட்டு வழக்கப்படியே சொல்கிறேன்.

செபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு குற்றம் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தானே கொண்டுவந்தீர்கள்? நம் கோயில் பங்கில் வேறெந்த வீட்டிலும் இல்லாத வழக்கம். யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது, கேட்டது வாசலைத் தாண்டக் கூடாது. லில்லி தினமும் சீனி தின்றதைச் சொல்லியே ஒப்பேற்றிவிடுவாள். அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு போட்ட சண்டையைப் பாதி குற்றமாகவும் பாதி நியாயமாகவும் சொல்வாள். நீங்கள் மட்டும் தலையைக் குனிந்து ஒரே வரியில் முடிப்பீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், லில்லி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. நெய்யாற்றின்கரையில் தையல்கடை அடைக்கும் முன் அவளுடைய வெள்ளை உடுப்பை வாங்கிவிட வேண்டுமென்று சீக்கிரமே வண்டி பிடித்து வந்தீர்கள். அன்று செபம் முடிந்ததும் நீங்கள் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது.

"இன்னைக்கு கடைசி வளையத்தை நான் கண்ணால பாக்காம ஒப்புப் போட்டேன். வண்டி பெய்ரும்னு அவசரத்திலே போட்டேன். ஆண்டவரே, பொறுத்துக்கிடும்."

எந்த வளையம் என்று எங்களுக்குத் தெரியும். ராக்கெட் மோட்டாரின் இரண்டு துண்டுகள் சேருகிற இடத்தில் போடுகிற ரப்பர் வளையம். அதைப் பார்த்துச் சரியென்று கையெழுத்துப் போடுவதுதானே உங்கள் வேலை. குக்கர் மூடியைக் கழற்றி, அதிலிருந்த வளையத்தைக் காட்டி நீங்களே ஒருமுறை விளக்கினீர்கள். இது கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் உள்ளிருக்கும் தீ வெளியே வந்துவிடும் என்றீர்கள். அன்றிலிருந்து அம்மா குக்கர் பக்கத்தில் நிற்பதே இல்லை.

அந்த மோட்டார் இத்தனை நாள் காத்திருந்து இப்போதுதான் பறக்கப் போகிறது என்று செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. உங்கள் கையெழுத்து இருக்கிறது, பார்த்த கண் இல்லை. நான் சொன்னால் உங்கள் பெயர் கெடும். சொல்லாவிட்டால், எத்தனை பேருடைய எத்தனை வருட உழைப்பு கடலில் விழும்? டுடோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது போர்டில் எழுதியதையே திரும்ப எழுதிக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிந்துகொண்டிருந்த மரச்சீனிக் கிழங்கைக் கீழே வைத்தாள்.

"செத்துக் கெடக்க மனுசனுக்க பேரை நீ சந்தியிலே கொண்டு வைக்கப் போறியா மக்கா? செபத்திலே சொன்னது வெளிய போவப்பிடாதுன்னு சொன்னவரு அவராக்கும்."

"அது பறந்து பொட்டிச்சுன்னா அம்மா?"

"பொட்டாது. நான் மாதாகிட்ட கேட்டுட்டு இருக்கேன்."

அப்படிச் சொன்னவள்தான் போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "சுகுமாரன் சாருக்க வீட்டுக்குத்தானே? பெய்ட்டு வா. நான் ஒண்ணும் கேக்கல்ல," என்று தன் குடையை எடுத்துக் கொடுத்தாள்.

உங்களோடு இருபது வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்தவரிடம் இதை எப்படித் தொடங்குவது? அவர் மறுநாள் ராக்கெட் ஏவுகிற இடத்துக்குப் புறப்பட வேண்டும். பாதி கட்டிய பெட்டி கட்டிலில் கிடந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பெட்டியை நகர்த்தி, நான் உட்காரக் கட்டிலில் இடம் விட்டார்.

"மோளே, அந்தக் காரியம் எனக்குத் தெரியும்."

"எப்படி சார்?"

"திங்களாழ்ச்ச காலையிலே உங்கப்பாதான் வந்து சொன்னாரு. வெள்ளிக்கெழமை போட்டது கள்ள ஒப்பு, பிரிச்சு நோக்கணும்னு. ஆரும் கேக்கல்ல, ஆருக்கும் தெரிஞ்சிருக்கவும் செய்யாது. முழுசும் பிரிச்சோம். மூணு வாரத்து வேலை போச்சு. எல்லாருக்கும் தேஷ்யம், ஆரும் அவருக்கு முகம் கொடுத்துப் பேசல்ல. எனக்கும் தேஷ்யம் உண்டு, கள்ளம் சொல்ல மாட்டேன். அவருக்கு மெமோ கிட்டிச்சு. அந்த வருஷம் புரமோஷனும் போச்சு."

"அந்த வளையம்?"

"அதிலே ஒரு கொறையும் இல்ல மோளே. நல்ல வளையமாக்கும்."

அப்பா, அந்த வருடம் உங்களுக்குப் பதவி உயர்வு வராதது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று நினைவிருக்கிறதா? கோயிலும் செபமாலையுமாகத் திரிகிறவருக்கு யார் கொடுப்பார்கள் என்று அம்மா கேட்டாள். மற்றவர்களின் அப்பாக்களுக்குச் சாமர்த்தியம் உண்டு என்று நானும் சேர்ந்து சொன்னேன். அன்று செபத்தில் உங்கள் குற்றம் என்ன தெரியுமா? "எனக்க வீட்டுக்காரங்களுக்கு மனவருத்தம் உண்டாக்கினேன்." நாங்கள் மறுபேச்சுப் பேசவில்லை. பேசக் கூடாது என்பதுதானே சட்டம்.

ஏன் சொல்லவில்லை? அது குற்றம் சொல்கிற நேரம், நல்லது சொல்ல அங்கே இடமில்லை என்று விட்டுவிட்டீர்களா? வெள்ளிக்கிழமை செய்ததை எங்களிடம் சொன்னவருக்கு, திங்கட்கிழமை செய்ததைச் சொல்ல வாய் வரவில்லையா? உங்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது அப்பா. அழுகையும் வருகிறது.

நீங்கள் போனதிலிருந்து வீட்டில் செபமாலை உண்டு, குற்றம் சொல்வது நின்றுவிட்டது. செபத்துக்கு நீங்கள் முழங்கால் போடுகிற பாயை விரிப்பதற்கே யாருக்கும் தைரியமில்லை. சுகுமாரன் சார் சொன்னதை நான் வந்து சொன்னதிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்த அம்மா, இன்று சாயங்காலம் அதை எடுத்து விரித்தாள். செபம் முடிந்ததும், அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டு அவளே முதலில் சொன்னாள்.

"நான் அந்த வருஷம் உங்களைச் சாமர்த்தியம் கெட்ட மனுசன்னு சொன்னேன். பொறுத்துக்கிடுங்க."

லில்லி இந்த முறை சீனியைச் சொல்லவில்லை. தன் உடுப்புக்காகத்தான் எல்லாம் நடந்தது என்று விம்மினாள். அது அவள் குற்றமில்லை என்று நான் சொன்னேன். மறுபேச்சுத்தான், சட்டத்தை மீறிவிட்டேன். பிறகு என் முறை வந்தது: எங்கப்பா ஒரு கள்ளக் கையெழுத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார் என்று ஆறு நாள் நம்பினேன்.

உங்கள் வளையம் பிடித்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். மற்ற ஆயிரம் சாமான்களையும் அவரவர் பார்த்திருப்பார்களா? அந்தப் பயம் போகவில்லை. நாளை அந்த நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் உங்கள் பாய்க்கு முன்னால் முழங்காலில் இருப்போம். அது மேலே போனாலும், கடலில் விழுந்தாலும், சாயங்காலம் செபம் உண்டு.

இனி இந்த வீட்டில் யார் குற்றம் சொன்னாலும், அதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருக்க மாட்டேன். மறுநாள் என்ன செய்தாய் என்று கேட்பேன். உங்களிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.

இப்படிக்கு,
உங்களைச் சந்தேகப்பட்ட உங்கள் மூத்த மகள்,
ஸ்டெல்லா