இருபதாம் தேதிக்குக் கை தூக்கிய அப்பா எழுதுவது

கெம்பேர்
நவம்பர் 3, திங்கள் மாலை

அன்புள்ள மகள் ஏனோராவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே நலமாக இருக்கிறோம். இன்று மத்தியானத்திலிருந்து அம்மா என்னோடு சிரித்துப் பேசவும் தொடங்கிவிட்டதால் நான் கொஞ்சம் அதிகமாகவே நலம். நீயும் மாப்பிள்ளை ஊர்ஸும் அங்கே சுவிஸ் மலைமேல் வெங்கனில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சீசன் முடிந்து உன் ஹோட்டலை மூடிவிட்டார்களா? போன வருஷம் இதே சமயம் நீ ஒற்றை ஆளாக நாற்பது அறைகளின் மெத்தைகளைத் திருப்பிப் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், இந்த வருஷம் நீ கல்யாணப் பெண், வேறு யாராவது திருப்பட்டும். மலை ஊரில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் நவம்பரில்தான் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று நீ சொன்னபோது, மூடுபனியில் யார் முகம் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேலி செய்தேன். கோடைக் கூட்டம் இறங்கிப் பனிச்சறுக்குக் கூட்டம் ஏறுவதற்குள் உங்களுக்குக் கிடைப்பது அந்த மூன்று வாரம்தான் என்பது இப்போது நன்றாகப் புரிகிறது. அதாவது, தேதியை நகர்த்த முடியாது என்பதும் புரிகிறது. ஃபோனில் பேசலாம் என்றால் என் பெயரைப் பார்த்ததும் நீ எடுப்பதில்லை. கடிதமென்றால் கிழிப்பதற்கு முன்னால் முதல் பக்கத்தையாவது படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை. அதனால் முக்கியமானதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்: வருகிறோம். இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிவாக்கில் நானும் அம்மாவும் வெங்கன் ஸ்டேஷனில் இறங்கியிருப்போம். கல்யாணம் இரண்டு மணிக்குத்தானே, முகம் கழுவக்கூட நேரம் இருக்கும்.

இனி நடந்ததைக் கேள். பயணத்துக்கு நான் போட்டிருந்த திட்டம் உனக்குத் தெரியும், செப்டம்பரிலேயே படம் எடுத்து அனுப்பினேன். கட்டம் போட்ட தாளில் மூன்று நிறப் பென்சிலால் எழுதியது. இருபதாம் தேதி வியாழன் காலை 6.12க்குக் கெம்பேரில் ஏறி, பாரிஸில் மோன்பர்னாஸில் இறங்கி, மெட்ரோவின் படிகளில் அம்மாவின் முழங்கால் அழும் என்பதால் 91ஆம் நம்பர் பஸ்ஸில் லியோன் ஸ்டேஷனுக்குப் போய், அங்கே பெஞ்சில் முட்டை ரொட்டி சாப்பிட்டு, பாசல் ரயில், பிறகு இன்டர்லாக்கன், லௌட்டர்புருன்னன், அங்கிருந்து மலையேறும் பல்சக்கர ரயிலில் உங்கள் வாசல். எங்கே ரயில் மாறினாலும் பின்னால் இன்னொரு ரயில் கையிருப்பில் இருந்தது. அம்மா அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மீன் காந்தத்தால் ஒட்டி வைத்தாள். முப்பத்திரண்டு வருஷம் சிக்னல் கேபினில் உட்கார்ந்தவன் போட்ட திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை திட்டத்தில் இல்லை, போட்ட ஆளிடம்தான்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ரயில்வே தொழிற்சங்கக் கூட்டம். தலைமை எல்லாக் கிளைகளின் முன்னாலும் இரண்டு வியாழக்கிழமைகளை வைத்திருந்தது, பதிமூன்று அல்லது இருபது, பெரும்பான்மைக் கிளைகள் சொல்லும் தேதியில் நாடு முழுவதும் வேலைநிறுத்தம், பாரிஸில் ஊர்வலம். எதற்காக என்று கேட்காதே, தாள் போதாது. டிக்கெட் கவுன்ட்டர் மரிவோன் எழுந்து பதிமூன்று என்றாள். அவள் சொன்னால் எனக்கு எதிர்க்கத் தோன்றும், அது ஒரு வியாதி. பதினொன்றாம் தேதி செவ்வாய், போர் நினைவு விடுமுறை, பாதிப் பேர் திங்களையும் சேர்த்துப் போட்டு ஊருக்குப் போய்விடுவார்கள், விடுமுறையின் வாலில் ஒட்டிய வேலைநிறுத்தத்தை ஜனங்கள் விடுமுறை என்றே நினைப்பார்கள் என்று ஆரம்பித்து எட்டு நிமிஷம் பேசினேன். மகளே, உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை. கூட்டம் தொடங்கினதும் தூங்கிவிடுகிற ஃபான்ஷ், கிளைத் தலைவர், கண்ணைத் திறந்து கேட்டான். முப்பத்தொன்றுக்குப் பதினான்கு என்று இருபதாம் தேதி ஜெயித்தது. முதலில் தூக்கிய கை என்னுடையது. சைக்கிளில் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா வெண்ணெய் எடுக்கப் போனவள் குளிர்சாதனப் பெட்டியின் முன்னாலேயே நின்றாள். நான் சாதனையைச் சொல்லச் சொல்ல அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஜோயேல், இங்க வா. இதுல முதல் வரிய எனக்குப் படிச்சுக் காட்டு, கண்ணாடி போடல" என்றாள். கண்ணாடி அவள் மூக்கில்தான் இருந்தது. படித்தேன். இருபது, வியாழன், என்று படித்ததும் தொப்பியைக் கழற்றினேன். "முப்பது வருஷமா ரெண்டு ரயில் ஒரே தண்டவாளத்துல வராம பாத்துக்கற ஆளு நீ. உனக்கு மாசம் எவ்வளவு குடுக்கறாங்க, அதத் திருப்பிக் குடுத்துடலாமா?" என்றாள். அதற்குப் பிறகு வியாழக்கிழமை வரை சூப்பு மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை. மற்ற கிளைகள் பதிமூன்று என்று சொல்லிவிடாதா என்று ரேடியோவோடு ஒட்டிக் கிடந்தேன். இருபதாம் தேதிதான் வென்றது. பிரான்ஸ் முழுவதும் ரயில் நிற்பதற்கு உன் அப்பாதான் காரணம் என்று அம்மா ரொட்டிக் கடையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அது அதிகப்படி. நாலு கிளை வித்தியாசம்.

முதல் நாளே கிளம்பலாம் என்றால் அம்மா சமைக்கிற முதியோர் இல்லத்தில் புதன் இரவுச் சாப்பாடு முடியும் வரை அவளுக்கு விடுதலை இல்லை, சமையலுக்கு மாற்று ஆள் வியாழன் காலைதான் வருகிறாள், வேலைநிறுத்தமோ புதன் மாலை ஏழு மணிக்கே தொடங்கிவிடும். தேதி அறிவித்த ஒரு மணி நேரத்தில் நெடுந்தூர பஸ்களில் இடம் தீர்ந்துவிட்டது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ரயில்காரனுக்கு எதற்கு என்று முப்பது வருஷமாகப் பெருமை அடித்ததன் பலன் அது. அம்மாவின் கார் சந்தைக்குப் போய்த் திரும்பும்போதே மூச்சு வாங்குகிறது. மிச்சம் ஒரே வழி. வேலைநிறுத்தத்தன்றும் மூன்றில் ஒரு ரயில் ஓடும். "ஓடற ரயில்ல ஏறு" என்றாள் அம்மா. என்னால் முடியாது என்றேன். நீங்கள் எல்லோரும் வேலையை நிறுத்துங்கள் என்று எட்டு நிமிஷம் கத்திவிட்டு, என் நாற்காலியில் எவனோ ஒரு அதிகாரி உட்கார்ந்து சிக்னல் போட, அந்த ரயிலில் ஜன்னலோரமாக நான் எப்படி உட்காருவேன் என்றேன். "சரி, நான் உட்காந்துக்கறேன். நீ பிளாட்பாரத்துல கொடியோட நில்லு. படம் எடுத்து உன் பொண்ணுக்கு அனுப்பறேன், வழியனுப்ப வந்தார்னு சந்தோஷப்படுவா" என்றாள்.

வெள்ளிக்கிழமை நீ அவளோடு ஃபோனில் பேசினாயே, அப்போது நான் சாமான் அறையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவின் கையில் மாவு, அதனால் ஃபோனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். ஒட்டுக்கேட்டேன் என்று வைத்துக்கொள். "அப்பா வரமாட்டாருன்னு தெரியும்மா. பரவாயில்ல. பழகிடுச்சு" என்றாய். நீ திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன், எனக்குத் தெரிந்த வித்தை அதுதான். உருளைக்கிழங்குக் கூடையின் மேல் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து டிசம்பரில் நீ பிறந்தபோது வேலைநிறுத்தம் என்று டெப்போ வாசலில் டயர் கொளுத்திக்கொண்டிருந்தேன், மறுநாள் புகை நாற்றத்தோடு வந்தவனை நர்ஸ் உள்ளே விடவில்லை. உன் நீச்சல் இறுதிப் போட்டி, ஞாயிறு டியூட்டி. பள்ளிக்கூடத்தில் உனக்குப் பரிசு கொடுத்த நாள், பேச்சுவார்த்தை. நீ பெட்டியோடு சுவிஸுக்குக் கிளம்பிய அன்று உன் ரயிலுக்குப் பச்சை போட்டது நான்தான். அதை ஒரு பெரிய விஷயமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஆனால் பிளாட்பாரத்தில் உன் பக்கத்தில் இல்லை.

மறுநாள் புனிதர் திருநாள், அம்மாவைப் பெற்ற பாட்டியின் கல்லறைக்குச் சாமந்தித் தொட்டி எடுத்துப் போனோம். அம்மா அங்கே நின்று என் மாமியாரிடம் என்னைப் பற்றிச் சத்தமாகவே புகார் சொன்னாள், பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் சாமந்தித் தொட்டியைத் துடைத்து நேராக வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ராஜினாமா எழுதினேன். கிளைச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன், இருபதாம் தேதி ஓடுகிற ரயிலில் போகப்போகிறேன், யாரும் என்னை மன்னிக்க வேண்டியதில்லை. மூன்றே வரி. எட்டு நிமிஷம் மூச்சுவிடாமல் பேசத் தெரிந்தவனுக்கு மூன்று வரி எழுத ஒரு மத்தியானம் பிடித்தது. பிறகு நடந்ததைப் படித்து நீ சிரிப்பாய், சிரி. ஆனால் இன்று காலை ஓய்வறைக்குள் நுழையும்போது நான் முடிவு செய்துவிட்டுத்தான் நுழைந்தேன். வேறு வழி ஒன்று கிடைக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. அது மட்டும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபான்ஷ் படித்துவிட்டுத் தாளை மரிவோனிடம் நீட்டினான். அவள் இரண்டு தடவை படித்தாள். எதற்கு என்றாள். மகள் கல்யாணம் என்றேன். "பதிமூணுன்னு சொன்னது நான். எம் மூஞ்சிக்கு நேரா விரல ஆட்டிப் பேசினியே, ஞாபகம் இருக்கா தோழரே?" என்றாள். இருக்கிறது என்றேன். "விடுமுறையோட வால்னு சொன்னியே." சொன்னேன் என்றேன். "பொண்ணு கல்யாணத்தோட தலை கண்ணுல படலியா?" என்று கேட்டுவிட்டு மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள் பார், ஃபான்ஷுக்குத் தொற்றி, அப்போதுதான் உள்ளே வந்த, பெட்டி கோர்க்கும் ஷன்டிங் ஆட்களுக்கும் தொற்றி, என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள். நான் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஃபான்ஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேய், அன்னிக்கு ஊர்வலத்துக்கு நம்ம பஸ் பாரிஸ் போகுதுல்ல? ரெண்டு சீட் காலியா கிடக்கு. அங்கேர்ந்து நாலா பக்கமும் பஸ் திரும்பிப் போகுமே" என்றான். மரிவோன் அதற்குள் ஃபோனை எடுத்துவிட்டாள். சுவிஸ் எல்லைப் பக்கம் முல்ஹூஸ் கிளையில் ஒடீல் என்று ஒரு பெண்மணி, ஏதோ மாநாட்டில் இவளோடு சண்டை போட்டுச் சிநேகமானவள். "எங்க ஆளு ஒருத்தன், நல்லவன்தான், மூளை மட்டும் கொஞ்சம் லேட்டா வரும், அவனையும் அவன் பொண்டாட்டியையும் எல்லைல கொண்டு விடணும்" என்று என் முன்னாலேயே சொன்னாள். ராஜினாமாவைத் திருப்பிக் கேட்டேன். ஃபான்ஷ் மடித்து லாக்கரில் வைத்துப் பூட்டினான். "கல்யாணத்துக்குப் போகாம நீ இங்க வந்து நின்னா இத ஏத்துக்குவோம்" என்றான்.

ஆக, புதிய திட்டம் இது. வியாழன் விடிகாலை நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்து எங்கள் பஸ். மத்தியானம் பாரிஸ், ஊர்வலம், அம்மா முழங்காலைச் சொல்லி ஊர்வலம் முடிகிற இடத்தில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பாள். ஆறு மணிக்கு முல்ஹூஸ் பஸ், அது எங்களை எல்லையோரச் சேன் லூயியில் ஒடீலின் வீட்டு வாசலில் இறக்கிவிடும், அவள் வீட்டு சோபாவில் தூக்கம். வெள்ளி காலை அங்கிருந்தே ட்ராம், எல்லை தாண்டிப் பாசல், ஏழு மணி இன்டர்லாக்கன் ரயில், மேலே உனக்குத் தெரியும். பிரான்ஸைக் குறுக்காகக் கடந்து போகிறேன், ஒரு ரயில்கூட இல்லாமல். அம்மா நிபந்தனைகள் போட்டிருக்கிறாள். கொடி பிடிக்க மாட்டாள், பாட்டுப் பாட மாட்டாள், கல்யாணத்துக்குப் போடும் தன் தொப்பியின் பெட்டிமேல் யாரும் மெகாஃபோனை வைக்கக் கூடாது. மூன்று வெண்ணெய் கேக் செய்கிறாள், ஒன்று பஸ்ஸுக்கு, ஒன்று ஒடீலுக்கு, ஒன்று உனக்கு. உனக்கானதைப் பஸ்ஸில் எவனாவது தொட்டால் அவளே தனியாக ஒரு வேலைநிறுத்தம் செய்வாளாம். பூனையைப் பக்கத்து வீட்டு மதாம் கெமெனர் பார்த்துக்கொள்கிறாள். வேலைநிறுத்தம் என்றாலே அவளுக்கு ஆகாது, ஆனால் ரொட்டிக் கடைக்காரர் எங்கள் பக்கம் பேசியதிலிருந்து அவளும் நியாயம் என்கிறாள். ஏன் என்று நான் எழுத மாட்டேன், நேரில் சொல்கிறேன்.

நீ செய்ய வேண்டியது சில. கல்யாணக் காலணியை இப்போதிருந்தே வீட்டுக்குள் தினமும் அரை மணி நேரம் போட்டு நட, அன்றைக்குக் கடித்தால் ஃபோட்டோவில் தெரியும். உள்ளே கம்பளிக் காலுறை போட்டுக்கொள், யாரும் பாவாடையைத் தூக்கிப் பார்க்கப் போவதில்லை. ஊர்ஸிடம் இந்தக் கதை முழுவதையும் சொல்லாதே. மலை ரயில் ஓட்டுகிற பையன், ஒரு நாள்கூட வண்டியை நிறுத்தாதவன், மாமனாரைப் பற்றி அவன் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் மீதி இருக்கட்டும். கோபம் வந்தால் அவனிடம் கத்து, தப்பில்லை, "பரவாயில்ல" என்று மட்டும் சொல்லிப் பழகாதே. கேட்கிறவனுக்கு அது சௌகரியமாக இருக்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

நீங்கள் இருவரும் சண்டையில் சமமாகவும் சாப்பாட்டில் ஒன்றாகவும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பா மனதார ஆசீர்வதிக்கிறேன். அம்மாவும் தோளுக்குமேல் எட்டிப் படித்துவிட்டு ஆசீர்வாதம் சொல்லச் சொல்கிறாள், எட்டு நிமிஷப் பேச்சை நான் இன்னும் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றும் சொல்கிறாள். ஒன்றை மறந்துவிடாதே. பஸ்ஸும் ட்ராமும் சோபாவும் தயார், ஆனால் நீ என்னை வரச் சொன்னது இன்னும் என் காதில் விழவில்லை. நேரமில்லை என்றால் பதில் கடிதம் வேண்டாம். இந்தத் தடவை என் ஃபோனுக்கு, அம்மாவுடையதற்கு அல்ல, "வாங்க" என்று ஒரு வார்த்தை அனுப்பு. பெட்டியை அதுவரை மூடாமல் வைத்திருக்கிறேன்.

உன் அப்பா
ஜோயேல் கெர்லோக்