பதினோராவது உருண்டை

1965 செப்டம்பர் 9, வியாழன்

விடியலிலிருந்து தூறல். டிஸ்பென்சரி ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுகல். நோயாளிகள்: சிரங்கு 3, காய்ச்சல் 2, தேள்கடி 1, சும்மா பேச வந்தவர் 1. டிங்சர் பாட்டிலின் அடியில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் மருந்து வாங்க மலையிறங்கி ஆலங்காயம் போயே ஆகவேண்டும்.

சாயங்காலம் டீக்கடை ரேடியோ. எல்லையில் சண்டை வலுக்கிறதாம். நம் விமானங்கள் குண்டு போட்டன என்றதும் ஒரே கைதட்டல். நானும்தான். பட்டாளத்தார் மட்டும் தட்டவில்லை. பெயர் அண்ணாமலை, இந்த மலைக்காரர். போன உலகச் சண்டையில் பர்மா வரை போனவர், பட்டாளத்தில் வெடி வேலை. இப்போது சாமை விதைக்கிறார்.

கடைக்காரர் சீண்டினார்: “இன்னா பட்டாளத்தாரே, நம்மாளு ஜெயிச்சா புடிக்கலியா?”

“அடிக்க வர்றவன அடிக்கத்தான் வேணும். அதுல பேச்சே இல்ல. குண்டு யார் தலமேல வுழுந்துச்சின்னு சொல்லட்டும், அப்பறமா தட்றேன்.”

எனக்கு எரிச்சல். சண்டை என்றால் நாலு பேர் சாகத்தான் செய்வார்கள். வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன், “பெரிய நியாயஸ்தன்!” என்று. அவள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், காதில் வாங்கவில்லை.

11, சனி

நல்ல வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

ஊர்க்கூட்டம். பால் பிடிக்கிற சாமையைக் காட்டுப்பன்றி விடியவிடிய மேய்கிறது. நாலு வீட்டுக்கு இந்த வருஷச் சோறு போய்விட்டது. அவுட்டுக்காய் வைக்கவேண்டும் என்று எல்லோரும். வெடிமருந்து உருண்டை, மேலே மாவும் வெல்லமும் பூசியது. பன்றி கடித்தால் தலை சிதறும். அதைச் செய்யத் தெரிந்தவர் பட்டாளத்தார் ஒருவரே.

மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். இல்லை. “வெக்கிறேன். நம்ம சோறு, நாம காப்பாத்திக்கணும்” என்றார். ஆனால் நிபந்தனை அடுக்கினார். வெயில் தாழ வைப்பது அவர், விடியலில் எண்ணி எடுப்பதும் அவரே. வழியில் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் எடுத்து அவர் விசில் ஊதும்வரை ஒருத்தரும் வாசல் தாண்டக் கூடாது. “வூட்டுக்கு வூடு சொல்லிடுங்க. செவ்வாக்கெழம ஆரம்பிக்கிறேன்.” எல்லோரும் தலையாட்டினோம்.

வீட்டுக்கு வரும் வழியில் மறுபடி ரேடியோ. இருட்டும்வரை அங்கேயே.

15, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆலங்காயம் போகும் நாள். இருட்டிலேயே எழுந்தேன், இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிக் குளித்தேன், விசில் நினைவே இல்லாமல் கிளம்பினேன். ஊர் எல்லையில் பட்டாளத்தார், கையை விரித்துக்கொண்டு. பின்னால் சந்தைக்குப் புளி கொண்டுபோகிற ஏழெட்டுப் பேர்.

“ஒருத்தரும் போவாதீங்க. பதினொன்னு வெச்சேன், பத்துதான் கீது. நரி கிரி இழுத்துருக்கும்.”

“யோவ், பஸ் போய்டும்யா! மருந்தில்லாம ஜனம் சாவணுமா?” கத்தியது நான்தான். இன்னும் மோசமாகவும் சொன்னேன், எழுத வெட்கமாக இருக்கிறது.

“திட்டிக்குங்க சார். போவ மட்டும் வுட மாட்டேன்.”

புளிக்காரர்கள் வைதார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். அசையவில்லை மனிதர். தன் தம்பியை வழியில் நிறுத்திவிட்டு, ஓடைக்கரை முழுக்க முட்டிபோட்டுத் தேடினார். ஒவ்வொரு புதராக, குச்சியால் விலக்கி விலக்கி. கஞ்சி கொண்டுவந்தாள் அவர் மனைவி, திருப்பி அனுப்பினார். முட்டியெல்லாம் ரத்தம். மதியத்துக்குமேல் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு பன்றி உருண்டைக்காக இப்படி ஒரு ஆள் தேடுவானா! நான் தேடியிருக்க மாட்டேன்.

மூன்று மணிக்கு விசில். சுனைப் பாதையில் ஒரு கல்மேல், ஒரு தழை மூடி, பத்திரமாக இருந்ததாம். இந்த மலைக்காரர் வழக்கம் அது. வழியில் எது கிடந்தாலும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். பக்கத்துக் கல்மேல் வைத்து ஒரு தழை போட்டுவிட்டால், தொலைத்தவர் வந்து எடுத்துக்கொள்வார். யாரோ யோக்கியமாக அவுட்டுக்காயையும் வைத்திருக்கிறார்கள். பட்டாளத்தார் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பாழாக்கினார். ஊரே சிரித்தது, நானும்.

வீட்டில் சிரித்துக்கொண்டே கமலாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“தழ மூடியா? இன்னாங்க, அது நான்தாங்க வெச்சேன். சுனைக்குப் போற வழியில கெடந்துச்சி, பொருவிளங்கா உருண்டன்னு நெனச்சேன். நம்ம பாப்பாவுக்கு ஆவும்னு முந்தானையில முடிஞ்சி இடுப்புல சொருவிட்டேன். கொடத்தத் தூக்கி இடுப்புல வெக்கப் போறப்பதான், அடுத்தவங்க பொருளாச்சேன்னு அவுத்து வெச்சேன்.”

நிறைகுடம் அந்த இடுப்பில் உட்கார்ந்திருந்தால்?

“விசில் ஊதறதுக்கு முன்ன ஏன் போன?” என்றேன். “இன்னா விசில்?” என்றாள்.

நான் சொல்லவே இல்லை. சனிக்கிழமை தலையாட்டிவிட்டு ரேடியோவில் உட்கார்ந்தவன் நான். தண்ணீரைக் காலி செய்து அவளை இருட்டில் சுனைக்கு அனுப்பியதும் நான். பாவி.

16, வியாழன்

மூட்டம். டிஸ்பென்சரி திறக்கவில்லை.

நேற்று மாலை பட்டாளத்தார் புது உருண்டை எதுவும் வைக்கவில்லை. ஓடையை ஒட்டிய அவர் நிலம் பாதி அழிந்து கிடக்கிறது. மண்ணைக் கிளறிப் போட்டிருக்கிறது பன்றி. இனி பரண் போட்டு, முறைவைத்துக் காவல், கண்ணால் பார்த்துத்தான் அடிப்பது என்று வீடுவீடாகச் சொல்லி வருகிறார். முணுமுணுத்தாலும் சரி என்கிறார்கள்.

அவரிடம் போய் எல்லாம் சொன்னேன். என்மேல் காறித் துப்பட்டும் என்றுதான் போனேன்.

“முந்தானையிலயா?” என்று மட்டும் கேட்டார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என்னோடு நடந்தார். வாசலில் நின்று கமலாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

“மன்னிச்சிடும்மா.”

கமலா பதறிவிட்டாள். “ஐயோ, இன்னாண்ணா இது! தப்பு இவர் மேல. அதோட ஒன்னும் ஆவலியே.”

“சொல்லாதது அவுரு தப்பு. வெச்ச கை என்துதானம்மா.” பிறகு சொன்னார். அப்படியே எழுதுகிறேன்: “பர்மாவுல வயக்காட்டோரம் கண்ணிவெடி பொதைச்சோம். வெச்சது நாயந்தான், இல்லன்னா எங்கள முடிச்சிருப்பான். திடீர்னு பின்வாங்கச் சொன்னாங்க, எடுக்காம வந்துட்டோம். ரெண்டு மைல் வந்தப்பறம் ஒன்னு வெடிச்சிது. எதிரி இன்னும் வரல, அது அறுப்பு நேரம். யாருன்னு பாத்துட்டு வர்றேன்னு அழுதேன், வுடல. இருவது வருசமா யார் முன்னாடி நிக்கறதுன்னு தெரியலம்மா.”

கமலா உள்ளே போய்க் காபி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டார். குடிக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.