கெட்ஜ் என்ற வினைச்சொல்லும் உன் வள்ளமும்

என்ர ரஞ்சன் தம்பிக்கு,

கெட்ஜ் எண்ட அந்த இங்கிலீசுச் சொல் ஞாபகம் இருக்கா? வள்ளம் ஓட்டுற சோதனைக்குப் படிக்கேக்க நீ கேட்டாய். துறைமுகத்தில மொழிபெயர்ப்பாளராக இருந்த எனக்கே தெரியேல்ல. குசினி மேசையில அகராதியை விரிச்சம். தரைதட்டின கப்பலுக்கு முன்னால, தூரத்தில ஒரு சின்ன நங்கூரத்தைப் போட்டு, அதில கட்டின கயிற்றை இழுத்துக் கப்பலை நகர்த்துவது. பிறப்பு நிச்சயமில்லை, கட்டுவதைக் குறிக்கும் பழைய சொல் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்று போட்டிருந்தது.

"அப்ப அது எங்கட 'கட்டு'தான் அக்கா" எண்டு நீ பிடிவாதம் பிடிச்சாய். ஒலி ஒத்துவந்தால் உறவாகிவிடாது எண்டு நான் சண்டைக்கு வந்தன். தேத்தண்ணி ஊத்தின உன்ர மனிசி மலர் எங்களைப் பார்த்துச் சிரிச்சா.

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு உன்ர வள்ளத்தை விற்பம் எண்டு எல்லாருமாகத் தீர்மானிச்சம். மலரும் தலையாட்டினா. போன கிழமை அதை வாங்க இருந்தவரிட்ட ஒப்படைக்க, அதிலயே கட்டைபறிச்சானுக்குப் போனம்: நான், மலர், உன்னோட தொழிலுக்கு வந்த சலீம். கரை தெரியுற தூரத்தில மணல் திட்டில ஏறிப்போச்சு. இஞ்சினை முறுக்கியும் அசையேல்ல. காத்து எழும்பி, ஒவ்வொரு அலையும் வள்ளத்தை இன்னும் மேல தள்ளிச்சு. வேற வள்ளம் வரும்வரை பொறுப்பம் எண்டான் சலீம்.

மலர் சீலையை இழுத்துச் செருகி, கயிறு கட்டின சின்ன நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணிக்குள்ள இறங்கிட்டா. இடுப்பளவு, பிறகு நெஞ்சளவு. நான் கூப்பிட்டும் திரும்பேல்ல. ஆழம் தொடங்கின இடத்தில அதைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, இழுக்கச் சொன்னா. மூண்டு பேரும் இழுத்தம். என்ர உள்ளங்கை உரிஞ்சு போச்சு. அடிப்பக்கம் மணலில உரசிக் கத்திச்சு. பிறகு வள்ளம் மிதந்தது.

எங்க படிச்சனீங்கள் எண்டு கேட்டன்.

"நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிக்கேக்க கேட்டுக்கொண்டுதானே நிண்டனான்" எண்டா. கொஞ்ச நேரம் கயிற்றைச் சுத்திக்கொண்டிருந்தா. பிறகு, "மச்சாள், இந்த வள்ளத்தை என்னால குடுக்கேலாது."

ஓம் எண்டன். சலீம் வள்ளத்தை ஊர்ப்பக்கம் திருப்பினான்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்ததெண்டு தேடினமே, ஆரிட்டப் போய்ச் சேருமெண்டு யோசிச்சமா தம்பி?

வாங்க இருந்தவரிட்ட நான்தான் மன்னிப்புக் கேட்டன். சொந்தக்காரர் கோபம். பொம்பிளை தனியக் கடலில என்ன செய்யப்போறா எண்டு கேக்கினம். அதுக்குப் பதில் சொல்லுறது இனி என்ர வேலை. அந்தக் கேள்வி மலரிட்டப் போக விடமாட்டன்.

உனக்கும், இனி மலருக்கும் அக்கா,
பவானி